மலைக்குப் போறதுக்கு முன்னாடி கடைசி ஆளைப் பாருங்க

(வாசகர் கேள்வி பதில்)

கத்திரி வெயில் தொடங்கினாலே நம்ம கேள்வி பதில் பகுதிக்கு வர்ற கடிதாசு எல்லாம் ஒரே மாதிரி ஆயிடுது, எங்க போகலாம், எப்படிப் போகலாம், யாரைக் கூட்டிட்டுப் போகலாம். போன வாரம் கேட்டவங்க எல்லாருக்கும் தனித்தனியா பதில் போட முடியல, ஒரே மாதிரி கேள்விங்களைச் சேர்த்து இதுல சொல்லிடுறேன்.

அக்கா, நாங்க மூணு குடும்பம், மொத்தம் 11 பேரு. சின்னவனுக்கு 5 வயசு, மாமனாருக்கு 70, முட்டி வலி வேற. ஊட்டி கொடைக்கானல் கூட்டம் வேணாம், சென்னையிலருந்து அஞ்சு மணி நேரத்துக்குள்ள காடு மலைன்னு ஒரு இடம் சொல்லுங்க.
- பெரம்பூர் வாசகி

11 பேர்ல யாரு வண்டி ஓட்டுவாங்க, யாரு பணம் போடுவாங்கன்னுதான் எல்லாரும் முதல்ல பேசுவோம். நீங்க எழுதுனதுல எனக்கு முக்கியமாப் பட்டது அந்த 5 வயசுப் பையனும் அந்த முட்டி வலிக்காரரும்தான். உங்க டூரை அவங்க ரெண்டு பேருதான் முடிவு பண்ணப் போறாங்க, மத்த ஒன்பது பேரும் அவங்க பின்னாடிதான் நடக்கணும். அதனால கொல்லிமலை வேணாம். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குறதுக்குள்ள பின் சீட்ல பாதிப் பேரு பாலிதீன் கவர் கேப்பாங்க, அப்புறம் ஆகாய கங்கை அருவியப் பாக்க ஆயிரத்துக்கு மேல படி. இறங்குறது கூட பரவால்ல, ஏறி வரணுமே.

ஏலகிரி ஈஸி. 14 வளைவுதான், ஒவ்வொண்ணுக்கும் புலவருங்க, வள்ளலுங்க பேரு வெச்சிருப்பாங்க, பசங்களைப் படிக்கச் சொன்னா வாந்தி கூட மறந்துடும். ரயில்ல போறதுன்னா சென்ட்ரல்லருந்து ஜோலார்பேட்டை, அங்கருந்து மேல வண்டி. ஆனா மே மாச சனி ஞாயிறுல ஏலகிரியும் இப்ப ஒரு குட்டி டி.நகர்தான், புங்கனூர் ஏரி போட்டுக்கு க்யூ நிப்பாங்க.

என்னைக் கேட்டா ஜவ்வாது மலை. வேலூர் வழியா போளூர், அங்கருந்து ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதை, விடியக்காலை நாலரைக்குக் கிளம்புனா டிபன் டைம் தாண்டி போய்ச் சேந்துடலாம். வழி முழுக்க பலா, புளி, சாமைக் கொல்லை, ஒரு பெரிய ஓட்டல் கிடையாது, அதுக்காகத்தான் சொல்றேன். மலையாளி மக்களோட ஊருங்க அதெல்லாம், கேரளாக்காரங்கன்னு நெனச்சுக்காதீங்க, மலையை ஆள்றவங்கங்கிற அர்த்தத்துல வந்த பேருன்னு அவங்களே சொல்லுவாங்க. தேன் வாங்குங்க, சாமை அரிசி வாங்குங்க, பேரம் பேசாதீங்க.

ஒண்ணு மட்டும் ஏமாந்துடாதீங்க, மலைன்னா ஜில்லுன்னு இருக்கும்னு. ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா ஆறு டிகிரி குறையும், அதான் கணக்கு. ஜவ்வாதுல பல ஊரு 700, 800 மீட்டர்தான். கீழ 41ன்னா மேல 36. மத்தியானம் அங்கயும் வேர்க்கத்தான் செய்யும், ராத்திரிதான் போர்வை கேக்கும். பீமன் அருவியில மே மாசம் தண்ணி நூல் மாதிரி விழுந்தா பசங்க மூஞ்சி தொங்கிடும், அதை முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க, கோமுட்டேரி ஏரியில படகு இருக்குன்னு ஆறுதலும் சொல்லி வைங்க.

அப்படியும் ஊட்டிதான்னு வீட்ல ஒத்தக்கால்ல நின்னா, 2024 மே 7லருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிக்கு இ-பாஸ் வேணும்னு ஐகோர்ட் சொல்லிடுச்சு. 2025 சீசன்ல அதுக்கு மேல ஒரு உச்சவரம்பும் போட்டாங்க, ஊட்டிக்கு சாதா நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ல போனா பாஸ் தேவையில்ல. கிளம்புற வாரத்துல விதி என்னன்னு ஒருதடவ பாத்துட்டு கிளம்புங்க, பாதி வழில செக்போஸ்ட்ல நின்னு சண்டை போட்டுப் புண்ணியம் இல்ல.

ஃப்ரெண்ட்ஸ் ஏழு பேரு சேர்ந்து காட்டுக்குள்ள டென்ட் போட்டு கேம்ப்ஃபயர் போடலாம்னு பிளான். ஊர்க்காரர் ஒருத்தர் "யாரும் கேக்க மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்"ங்கிறார். போலாமா?
- வேளச்சேரி வாசகர்

போகாதீங்க தம்பி.

2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையிலருந்தும் ஈரோடு திருப்பூர் பக்கத்துலருந்தும் போன ட்ரெக்கிங் கூட்டம், இறங்குற வழில காட்டுத்தீ. காஞ்ச போதைப்புல்லு (அது ஒரு காட்டுப்புல் வகை), கீழருந்து மேல தீ ஏறுற வேகத்துக்கு மனுசன் ஓட முடியாது, இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. அதுல பல பேரு உங்க வயசு, ஐ.டி. வேலை, சனி ஞாயிறு கிளம்பின பசங்கதான். அதுக்கப்புறம்தான் அரசாங்கம் ட்ரெக்கிங்குக்குன்னே தனி விதி கொண்டாந்துச்சு. ரிசர்வ் காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது 1882 வனச் சட்டப்படியே குத்தம், அந்த ஊர்க்காரர் சொல்ற "நான் பாத்துக்கறேன்" எந்த கோர்ட்லயும் செல்லாது. அவரு பாத்துக்க மாட்டாரு, நீங்கதான் ரேஞ்சர் ஆபீஸ் பெஞ்சுல ராத்திரி பூரா உக்காரணும்.

காஞ்ச மே மாசக் காட்டுல கேம்ப்ஃபயர்ங்கிற பேச்சே வேணாம். பெரும்பாலான காட்டுத்தீ தானா வர்றதில்ல, ஒரு பீடித் துண்டு, அணைக்காத ஒரு அடுப்பு, அவ்வளவுதான்.

முறையா போக வழி இருக்கு. 2024 கடைசில வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதையைத் திறந்து ஆன்லைன் புக்கிங் வெச்சிருக்காங்க, சுலபம், நடுத்தரம், கஷ்டம்னு பிரிச்சிருக்காங்க, மலைக்கிராமத்துப் பசங்களையே வழிகாட்டியா போட்டிருக்காங்க. தீ சீசன்ல மூடிடுவாங்க, 2025ல பிப்ரவரி 15லருந்து ஏப்ரல் 15 வரைக்கும் மூடியிருந்துச்சு. உங்க ஏழு பேர்ல யாரும் இதுவரைக்கும் மலை ஏறினதே இல்லன்னா முதல்ல பக்கத்துல பூண்டிகிட்ட இருக்கிற குடியம் குகைக்குப் போயிட்டு வாங்க. ஆதி மனுசன் கல் ஆயுதம் கிடைச்ச இடம், காலையில கிளம்பி சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். யாருக்கு மூச்சு வாங்குது, யாரு முணுமுணுக்கிறான், யாரு தண்ணி பாட்டில மறந்துட்டு வர்றான், எல்லாம் அந்த ஒரு நாள்ல தெரிஞ்சிடும்.

எங்க அம்மா மெதுவாத்தான் நடப்பாங்க. மத்தவங்க முன்னாடி போயிடுறாங்க, போன தடவை ஏற்காட்டுல அம்மா அழுதுட்டாங்க. இந்த தடவை அவங்களை விட்டுட்டே போயிடலாமான்னு தோணுது.
- தாம்பரம் வாசகி

விட்டுட்டுப் போகாதீங்கம்மா. எங்க வீட்டுக் கதை சொல்றேன்.

2014 மே. இதே ஜவ்வாது மலை, நாலு குடும்பம், 13 பேரு. ஒரு ஊருலருந்து ஓடைக்கு ரெண்டு கிலோமீட்டர் ஒத்தையடிப் பாதை, ஊருப் பையன் ஒருத்தன் வழி காட்டுனான். என் மாமியாருக்கு அப்ப 66, ரப்பர் செருப்பு, கையில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள எவர்சில்வர் சொம்பும் டம்ளரும். பிளாஸ்டிக் பாட்டில்ல வாய் வெக்க மாட்டாங்க, அதுக்காக அவ்ளோ தூரம் சொம்பைத் தூக்கிட்டு வந்தாங்க, நாங்க எல்லாம் கிண்டல். பசங்க ஓட, ஆம்பளைங்க பசங்களைப் பிடிக்க ஓட, நாங்க பொம்பளைங்க நாலு பேரு பேச்சு சுவாரசியத்துல நடக்க, ஓடைக்குப் போய் எண்ணினா 12.

என் வீட்டுக்காரர் அம்மா நாத்தனார்கூட வர்றாங்கன்னு நெனச்சிருக்காரு, நாத்தனார் என்கூட வர்றாங்கன்னு நெனச்சிருக்கா, நான் நெனச்சுக்கூடப் பாக்கல, அதான் நெசம். போன்ல சிக்னல் இல்ல. "அம்மா"ன்னு கத்துனா மலை நாலு பக்கமும் திருப்பிக் கத்துது, எந்தப் பக்கம்னே தெரியல. என் மச்சான் ஒரு பக்கம் ஓடுனாரு, அவரைத் தேட இன்னொருத்தர் போகணும்ங்கிற நிலைமை. நாப்பது நிமிசம் இருக்கும். அப்பதான் அந்தப் பையன் "சும்மா இருங்க"ன்னான். எல்லாரும் வாயை மூடினோம். தூரத்துல டிங், டிங், டிங்.

பாதை ரெண்டாப் பிரியற இடத்துல புளியமரத்தடில கால நீட்டி உக்காந்துட்டு, டம்ளரால சொம்பைத் தட்டிட்டு இருக்காங்க. பக்கத்துல செருப்பைக் கழட்டி அழகா ஜோடியா வெச்சிருக்காங்க. நாங்க அழுதுட்டே ஓடினா, "எனக்கு என்ன, நான் இங்கதான் இருக்கேன். வழி தெரியாம போனது நீங்கதான்"னாங்க.

அன்னிக்கு அவங்க பண்ணதுதான் சரி. வழி தவறுனா நடக்காம நின்ன இடத்துலயே உக்காரணும், கத்தித் தொண்டையக் காய வெக்காம சத்தம் பண்ற பொருளத் தட்டணும். அதுக்கப்புறம் எங்க குடும்பத்துல ஆளுக்கு ஒரு விசில், கோலிவுட்டு விசில் இல்ல, பி.டி. வாத்தியார் விசில், கழுத்துல கயிறு கட்டித் தொங்கும். மூணு தடவை ஊதுனா எல்லாரும் நின்னுடணும். அப்புறம் நல்லா நடக்கிற வளர்ந்த ஆள் ஒருத்தர் எப்பவும் கடைசில நடப்பாரு, அவருக்கு முன்னாடிதான் மத்தவங்க, அவரு பேரு வால். பாதை எங்கெல்லாம் பிரியுதோ அங்கெல்லாம் வால் வந்து சேர்ற வரைக்கும் தலை நகரக் கூடாது. உங்க அம்மாவை முன்னாடி நடக்க விடுங்க, அவங்க வேகம்தான் எல்லாரோட வேகமும். ரெண்டு கிலோமீட்டர் போக வேண்டிய எடத்துல ஒண்ணுதான் போக முடிஞ்சுதா, ஒண்ணு போதும். இன்னொண்ணு, எங்க போறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு தங்கியிருக்கிற இடத்துல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. ஆறு மணிக்கு நடக்க ஆரம்பிச்சா பத்தரை பதினொண்ணுக்கு ரூம்ல இருக்கணும், அருவி கண்ணுக்கு எட்டுற தூரத்துல இருந்தாலும் சரி, திரும்பிடணும்.

மாமியார் போன வருசம் தவறிட்டாங்க. சொம்பு என்கிட்டதான் இருக்கு.

அருவியில பசங்களைக் குளிக்க விடலாமா? வெயில் காலம்தானே, வெள்ளமா வரப் போகுது?
- கொளத்தூர் வாசகர்

வரும் சார். 2024 மே 17, பழைய குத்தாலம், நல்லா குளிச்சிட்டிருந்த கூட்டத்து மேல திடீர்னு வெள்ளம், 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சிட்டுப் போயிட்டான். கோடை மழை மேல மலையில கொட்டும், நீங்க நிக்கிற எடத்துல சுள்ளுன்னு வெயிலடிக்கும், அதான் இதுல இருக்கிற மோசம். தண்ணி திடீர்னு செம்மண் கலருக்கு மாறினா, சருகும் குச்சியுமா மிதந்து வந்தா, இரைச்சல் மாறினா, சோப்பு துண்டெல்லாம் அங்கயே விட்டுட்டு கரையேறி மேடான பக்கம் போயிடணும். யாராச்சும் ஆழத்துல மாட்டிக்கிட்டா நீச்சல் தெரியாதவங்க குதிக்காதீங்க, வேட்டியோ சேலையோ துப்பட்டாவோ முடிச்சுப் போட்டு வீசுங்க. தண்ணி போட்டவங்களை தண்ணி பக்கமே விடாதீங்க, இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

பாம்பு பயம் அக்கா. என் பொண்ணுக்கு 8 வயசு. பாம்பு கடிச்சா முதல்ல என்ன பண்ணணும்?
- முகப்பேர் வாசகி

நம்ம ஊருல அதிகமா உயிரை எடுக்கிறது நாலு பாம்பு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஆஸ்பத்திரியில போடுற விஷமுறிவு ஊசி இந்த நாலுக்கும் சேர்த்துத்தான். அதுக்கு வேணும்ங்கிற விஷம் நம்ம ஈ.சி.ஆர். ரோட்டுலருந்தும் போகுது, வடநெம்மேலில இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவு சங்கம் 1978லருந்து அதைத்தான் பண்ணுது. மாமல்லபுரம் போறப்ப எத்தனை தடவை தாண்டிப் போயிருப்பீங்க, ஒரு தடவை பொண்ணைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, பயம் பாதி போயிடும்.

கடிச்சிட்டா கயிறு இறுக்கிக் கட்டாதீங்க, பிளேடால கீறாதீங்க, வாய் வெச்சு உறியாதீங்க, பாம்பை அடிச்சு எடுத்துட்டு வரணும்னு யாரும் ஓடாதீங்க. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு கழட்டிடுங்க, வீங்கிட்டா கழட்ட முடியாது. கடிபட்ட கை காலை ஒரு குச்சியோ ஸ்கேலோ வெச்சு லேசா கட்டி ஆடாம வெச்சு, புள்ளையை நடக்க விடாம தூக்கிட்டு 108க்கு அடிங்க. சிக்னல் இல்லாத எடம்னா வந்த வண்டியிலயே நேரா அரசு ஆஸ்பத்திரி. கிளம்புறதுக்கு முன்னாடியே பக்கத்துல எந்த ஆஸ்பத்திரின்னு எழுதி டிரைவர்கிட்ட ஒரு காப்பி குடுத்துடுங்க.

கட்டுவிரியன் ராத்திரில தரையில படுத்திருக்கிறவங்களைத்தான் அதிகம் கடிக்கும், கடிச்ச தடம்கூட சரியாத் தெரியாது, விடியக்காலை வயித்து வலின்னு எழுந்திரிப்பாங்க, கண்ணு இமை சொக்கும். அதனால கட்டில்ல படுங்க, கொசுவலையை மெத்தைக்கடில நல்லா சொருகிடுங்க, பாத்ரூம் போறப்ப டார்ச். காலையில ஷூவை உதறிட்டுப் போடச் சொல்லுங்க, அதுல பாம்பைவிட தேளுதான் அதிகம் இருக்கும்.

டூர் போயிட்டு வந்து பத்து நாள் கழிச்சு வீட்டுக்காரருக்கு காய்ச்சல், டெங்கு இல்லன்னு வந்துடுச்சு. காடு சம்பந்தமா ஏதாச்சும் இருக்குமா?
- ஆவடி வாசகி

இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டுக்குப் போயிட்டு வந்தோம்னு முதல் வரியிலயே சொல்லுங்க, பல பேரு அதைத்தான் சொல்ல மறந்துடுறாங்க. ஸ்க்ரப் டைஃபஸ்னு ஒண்ணு, உண்ணிக் காய்ச்சல்னு சொல்லுவாங்க, கண்ணுக்கே தெரியாத பூச்சி புதர்லருந்து ஏறிக் கடிக்கும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்குன்னு மறைவான எடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கான்னு பாருங்க, வலிக்காது, அதனால யாருக்கும் தெரியாது. சரியான மாத்திரை குடுத்தா சீக்கிரமா இறங்கிடும், லேட் பண்ணா நுரையீரல் கிட்னி வரைக்கும் போயிடும். நீங்களா மெடிக்கல்ல வாங்கிப் போடாதீங்க, இன்னிக்கே போங்க.

சாப்பாடு என்ன எடுத்துட்டுப் போலாம்? செலவை எப்படிப் பிரிக்கிறது? போன தடவை அதுலயே நட்பு முறிஞ்சு போச்சு.
- அம்பத்தூர் வாசகர்

முதல் நாளுக்கு புளியோதரை, மொளகாப்பொடி நல்லெண்ணெய் தடவின இட்லி. தயிர் சாதம் கொண்டு போறதுன்னா பாதி பால் ஊத்திப் பிசைங்க, மத்தியானத்துக்குள்ள புளிக்காது. எலுமிச்சை, உப்பு, சக்கரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பெரியவங்களுக்கு ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி. அந்தப் பொட்டலத்துல டபிள்யூ.ஹெச்.ஓ. ஃபார்முலான்னு இருக்கான்னு பாத்து வாங்குங்க, டப்பா ஜூஸ் அது இல்ல. பிளாஸ்டிக் வேணாம், குரங்கு முன்னாடி பை பிரிக்க வேணாம்.

செலவுக்கு, கிளம்புறதுக்கு முன்னாடியே தலைக்கு இவ்வளவுன்னு ஒரு பொதுப் பணம் வசூல் பண்ணி கணக்கு தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட குடுத்துடுங்க. பசங்களுக்குப் பாதி. பாட்டில் வாங்குறவங்க அவங்க காசுல வாங்கட்டும், பொதுப் பணத்துல கை வெக்கக் கூடாது. நட்பு அங்கதான் சார் முறியுது, வண்டி வாடகையில இல்ல.

மேல போனா நெட்வொர்க் இல்லன்னு பெரிய பையன் வரவே மாட்டேங்குறான். 15 வயசு. என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போறது?
- மடிப்பாக்கம் வாசகர்

காவலூர் காட்டுங்க. ஜவ்வாது மலையிலயே இருக்கு, வைணு பாப்பு வானாய்வகம், 2.3 மீட்டர் கண்ணாடி வெச்ச டெலஸ்கோப்பு, 1986லருந்து ஓடுது. 1988ல அங்கருந்து ஒரு குட்டிக்கோளைக் கண்டுபிடிச்சு கணித மேதை ராமானுஜன் பேரை வெச்சாங்க. சனிக்கிழமைகள்ல பொதுமக்களை விடுறாங்க, நேரம் மாறும், போறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க. பௌர்ணமிய ஒட்டிப் போனா நிலா வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது, அமாவாசை பக்கமா வர்ற சனிக்கிழமையாப் பாத்து ரூம் போடுங்க.

மேகம் மூடி டெலஸ்கோப்ல ஒண்ணும் பாக்க முடியலன்னா கூட, ரூமுக்குத் திரும்பி வந்து லைட்டெல்லாம் அணைச்சிட்டு மொட்டை மாடியில ஒரு ஜமக்காளம் விரிங்க. பையனை ஒண்ணும் சொல்லாதீங்க. எங்க வீட்டுப் பையனும் இப்படித்தான் போனைத் தூக்கிட்டு சிக்னல் தேடி மாடிக்கு ஏறினான், அரை மணி நேரமா கீழ வரல. போய்ப் பாத்தா போனை நெஞ்சு மேல கவுத்து வெச்சிட்டு மல்லாக்கப் படுத்திருக்கான். கொசு கடிக்குதாடான்னேன், பேசாதம்மா, எண்ணிட்டிருக்கேன்னான்.